அம்மா தாளித்த பேய்

மே 4, திங்கள்

வெயில், ஆனால் குளிர். வெயிலை நம்பி ஜாக்கெட் இல்லாமல் போய் பஸ் தரிப்பில் நடுங்கினேன். சில்க்போர்க் வெயிலுக்கு இத்தனை வருடமாக ஏமாறுகிறேன்.

காலை வேலை. முதியோர் இல்லத்தில் இன்றைக்கு எல்லோருக்கும் மெழுகுதிரி. யுத்தம் முடிந்து ஜேர்மன்காரன் டென்மார்க்கை விட்டுப் போன நாள். அதற்காக வருடா வருடம் இந்த மாலை எல்லா ஜன்னலிலும் கொளுத்தி வைப்பார்கள். அங்கே இருக்கிற கிழவி இங்கருக்கு இரண்டு வேண்டுமாம், ஜன்னலில் ஒன்று, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள் என்றேன். "அந்தச் சட்டம் போட்டவன் யுத்தத்தில் இருந்தவனா?" என்று கேட்டாள். பற்றரியில் எரிகிற திரியை வைத்துவிட்டேன். அவளுக்குக் கண் மங்கல், கண்டுபிடிக்கவில்லை. பாவம்தான். ஆனால் எனக்கு வேலை வேண்டும்.

இங்கருக்கு யுத்தக்காலக் கோப்பியும் வேண்டுமாம். கொட்டை கிடைக்காமல் ஏதோ வேரை வறுத்துப் போட்டதாம். கேவலமான ருசியாம். ஒருதரம் குடித்தால் போதுமாம்.

அவர்கள் யுத்தம் முடிந்ததற்கு நான் திரி வைக்கிறேன். எங்களுடையது இன்னும் வன்னியில் ஒரு துண்டுக் கடற்கரையில் நடக்கிறது. தம்பி அதில் எந்த மூலையில் இருக்கிறான்? கடைசியாகக் கதைத்தது பெப்ரவரியில். யாருடையதோ போன். "அக்கா, நான் இருக்கிறன்." அவ்வளவுதான், கட்.

வரும் வழியில் கடை. பால், லீக்ஸ், உருளைக்கிழங்கு, பாத்திரம் கழுவும் ஸ்பொஞ் வாங்க. மலிவுக் கூடையில் போன ஒக்டோபர் ஹலோவீன் பேய்ப் பண்டிகைக்கு வந்து விற்காமல் கிடந்த கடதாசித் தட்டுகள். பேய்ப் படம் போட்டவை. பார்த்ததும் தனியாகச் சிரித்துவிட்டேன். பின்னால் நின்ற ஆள் ஒரு அடி தள்ளி நின்றான்.

வாங்காமல் வந்தேன். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுத் திரும்பிப் போய் வாங்கினேன். ஸ்பொஞ் இரண்டுதரமும் மறந்துபோச்சு.

மே 6, புதன்

வானம் மப்பு. விடுப்பு நாள். உடுப்புத் தோய்த்தேன்.

ஏன் சிரித்தேன் என்று எழுதி வைக்கிறேன். அம்மாவும் இல்லை. இந்தக் கதை தெரிந்தவர்கள் இப்போது நானும் தம்பி குகனும்தான்.

டென்மார்க்குக்கு வந்த முதல் வருடம். ஸ்கீவவுக்குப் பக்கத்தில் பழைய ஹொட்டல் ஒன்றில் அகதிகளை வைத்திருந்தார்கள். ஈரான்காரர், லெபனான்காரர், தமிழ் என்று நாங்கள் மூன்று பேர். எனக்குப் பதினாலு, குகனுக்கு எட்டு. ரொறன்ரோ மாமா ஒரு பார்சல் அனுப்பினார். சுவெட்டர், பால்மா, ஒரு பெட்டி. பெட்டியில் கரண்டி பிடித்துக்கொண்டு சிரிக்கிற பேய். உள்ளே சோளப்பொரி மாதிரி உருண்டைகள், நடுநடுவே பஞ்சு மாதிரிக் குட்டிப் பேய்கள். கனடாப் பிள்ளைகள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சாமான் என்று எங்களுக்கு யார் சொன்னது? அம்மா ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தா. "மிக்சர். உப்பும் உறைப்பும் போட மறந்திட்டாங்கள்" என்றா.

பொதுக் குசினி. பெரிய தாச்சி. எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம். கறிவேப்பிலை மட்டும் இல்லை. பேய்களை அப்படியே கொட்டினா. பஞ்செல்லாம் உருகித் தாச்சியில் ஒட்டி, கருகி, மிளகாய்ப் புகையோடு சேர்ந்து, ஹொட்டல் முழுக்க அலாரம். எல்லோரும் வெளியே, பனியில். தீயணைப்பு வண்டி வந்தது. ஈரான்கார மனுசி ஒருத்தி தலைமயிரில் சாயம் பூசியபடி நின்றா. அம்மா தாச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எரியேல்லை, எரியேல்லை" என்று தீயணைக்கிறவனுக்குத் தமிழில் சொன்னா. குகன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத்தான் இரண்டு பேரும் பிறகு பாலில் போட்டுச் சாப்பிட்டோம். ஒருவேளைக்குத்தான் போதுமாக இருந்தது.

அன்றைக்குத் தொடங்கின சண்டை, பேய் என்ன நிறம் என்று. நீலம். எனக்கு நல்ல ஞாபகம். பாலும் நீலமாக மாறினது. அவன் கத்தரிப்பூ நிறம் என்பான். அவனுக்குச் சின்னதிலிருந்தே நீலம் வராது. பள்ளிக்கூடத்தில் கடலுக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்துவிட்டு, ரீச்சரோடு வாதாடினவன். வளர்ந்த பிறகும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தொ.பே. எடுத்து, ஹலோவுக்குப் பதிலாக "கத்தரிப்பூ" என்பான். நான் "நீலம்" என்று வைத்துவிடுவேன். பிறகு திரும்ப எடுப்பான்.

மே 9, சனி

மழை தூறல். இவர் கோப்பன்ஹேகனில், யுத்தத்தை நிறுத்தச் சொல்லும் ஊர்வலத்துக்கு. பஸ் பிடித்துப் போயிருக்கிறார்கள். எனக்குப் பின்னேர வேலை என்று சொல்லிப் போகவில்லை. பின்னேர வேலை இல்லை.

கணினியில் இரண்டு பக்கம் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்று வன்னிச் செய்தி. மற்றது அமெரிக்காவில், கனடாவில் வளர்ந்த ஆட்கள் எழுதுகிற இடம். சின்ன வயதில் தின்ற பேய்ப்பெட்டிகளைப் பற்றியே கதை. நரைத்த ஆம்பிளைகள் எல்லாம் வந்து அழுகிறார்கள். ஒக்டோபர் வந்தால்தான் கடையில் வருமாம், கடைகடையாகத் தேடி அலைவார்களாம். முந்தின ருசி இல்லையாம், பேய்களைச் சின்னதாக்கிவிட்டார்களாம். பெட்டிக்குள் வந்த இருட்டில் மினுங்குகிற மோதிரம் இப்போதும் ஒருவரிடம் இருக்கிறதாம். கடைசியில் மிஞ்சுகிற பாலைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பதுதான் சொர்க்கமாம்.

செய்தியைப் பார்ப்பேன். தாங்க ஏலாமல் பேய்ப் பக்கம் போவேன். வெட்கம் வரும். திரும்பச் செய்தி. காலையிலிருந்து இதுதான்.

பெட்டியின் பெயர் எனக்கு ஞாபகமில்லை. படங்களாகத் தேடுகிறேன். பூசணி, வௌவால், மம்மி எல்லாம் இருக்கிறது. எங்கள் பேய் இல்லை.

இரவு இவர் வந்து தோளுக்கு மேலால் பார்த்தார். "ஊர் எரியுது, நீர் பேய்ப் படம் பாக்கிறீர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அதுதான் சுட்டது. சோறு போட்டுக் கொடுத்தேன்.

மே 13, புதன்

வெயில். லீக்ஸ் கறி. மகள் அபிக்குப் பிடிக்கவில்லை, கெச்சப் போட்டுத் தின்றாள்.

கிடைத்துவிட்டது! அதே பேய், அதே கரண்டி. யாரோ தன் அம்மாவின் வீட்டுப் பரணில் எடுத்த வெறும் பெட்டி, பக்கத்தில் கிண்ணத்தில் போட்ட பேய்களின் பழைய படமும். நீலம். நல்ல நீலம், சந்தேகமே இல்லை. அச்செடுத்து குளிர்பெட்டியில் ஒட்டினேன். குகன் போன் எடுத்தால் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அடியில் எழுதினேன்: நீலம்தான், மடையா.

எழுதிவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அபி பள்ளிக்கூடத்தால் வந்து பக்கத்தில் இருந்தாள். என்ன என்று கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் அவளுக்குக் கேட்காமல் இருக்கத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் டெனிஷில், "இது குழந்தைப் பிள்ளைகள் தின்கிறது, அம்மா" என்றாள். ஓம் என்றேன்.

மே 18, திங்கள்

மழை. பஸ் பிந்தியது.

இல்லத்துச் சாப்பாட்டு அறையில் தொலைக்காட்சி. முடிந்ததாம். கொழும்பில் வெடி கொளுத்துகிறார்கள். நான் கரண்டியோடு நின்றேன். ஓட்ஸ் கஞ்சி ஆறிப்போனது.

கூட வேலை செய்கிற லோன ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். உங்களுடைய யுத்தம் முடிந்ததாமே, வாழ்த்துகள் என்றாள். அவளுக்கு யுத்தம் முடிந்தால் ஜன்னலில் திரி. வேறொன்றும் தெரியாது. நல்ல பிள்ளை. நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல? பிறகு துணி அறைக்குள் போய்ப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்றேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்தது. இனிமேல் செல் குண்டு விழாது. அவன் உயிரோடு இருந்தால் இன்றைக்கு அவன் தலையில் ஒன்றும் விழாது. தோற்றோமா வென்றோமா என்று மனம் போகவில்லை. இதை நான் இவரிடம் சொல்லமாட்டேன், சொல்லக்கூடிய முகமும் இல்லை அவருக்கு இன்றைக்கு. வீட்டுத் திரைகளை எல்லாம் மூடிவிட்டுக் கதிரையில் இருக்கிறார்.

இங்கருக்குக் கால் துடைக்கும்போது கேட்டேன், உங்கள் யுத்தம் முடிந்த அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று. "எல்லோரும் தெருவில் ஆடினார்கள். நான் போய்ப் படுத்துவிட்டேன். அம்மா எழுப்ப எழுப்ப நித்திரை" என்றாள்.

மே 21, வியாழன்

விடுமுறை. நல்ல வெயில். பக்கத்து வீட்டில் இறைச்சி சுடுகிற மணம்.

ஒடென்சேயிலிருந்து மேரி அக்கா தொ.பே. அவவின் சொந்தத் தங்கச்சி வவுனியாவில் கன்னியாஸ்திரி. தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமுக்குள் பால்மா கொடுக்கப் போய் வர விடுகிறார்களாம். "சுதா, இருந்துகொண்டு கேள். கந்தையா குகநாதன் எண்டு ஒரு ஆள் உள்ளுக்கை இருக்காம்" என்றா. நான் ஏற்கெனவே இருந்துகொண்டுதான் இருந்தேன். குகனின் முழுப்பெயர். எழும்பிவிட்டேன்.

ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆட்களாம். அதே பெயர், அதே தகப்பன் பெயர். ஒருவர் கூடாரத்தில், மற்றவர் காயக்காரர் இருக்கிற பக்கம்.

"வெளிநாட்டிலை சகோதரம் இருக்கோ எண்டு கேட்டவவோ?"

"கேட்டவ. ரெண்டு பேரும் இல்லை எண்டவையாம். உள்ளுக்கை ஆரும் வெளிநாட்டுச் சனத்தைப் பற்றி வாய் திறக்கினமில்லை, பிள்ளை. கேக்கிறவை ஏன் கேக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

எங்கள் குகன், அம்மாவின் சாம்பலைக் கீரிமலையில் கரைக்க என்று சண்டை நின்றிருந்த காலத்தில் போனவன். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு வருடம் நின்றுவிட்டு வாறன் என்றான். இங்கே இருந்த விசாவும் காலாவதி. நான் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மே 23, சனி

காற்று. கயிற்றில் காயப்போட்ட துவாய் பக்கத்து வீட்டுக்குப் பறந்தது.

சிஸ்டர் திரும்ப உள்ளே போவாவாம். ஏதாவது கேட்கச் சொல்லிக் கொடுங்கோ என்றா மேரி அக்கா. என் பெயரைச் சொல்லக்கூடாது, டென்மார்க் என்று சொல்லக்கூடாது. பக்கத்தில் துவக்கோடு ஆமிக்காரன் நின்றாலும் பாதகமில்லாத கேள்வி. ஆனால் கேட்டது நான்தான் என்று அவனுக்கு விளங்க வேண்டும்.

இவர் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தார். பாவம், அக்கறையோடுதான். "அம்மான்ரை பேர்?"

"அது முகாமிலை பதிஞ்ச பேப்பரைப் பாத்தாத் தெரியும்."

"படிச்ச பள்ளிக்கூடம்?"

"டென்மார்க் எண்டு சொல்லவேணும்."

"அப்ப என்னத்தைத்தான் கேக்கிறது?"

நான் குளிர்பெட்டியைப் பார்த்தேன். இவரும் பார்த்தார். "விசரே உமக்கு?" என்றார். கொப்பியை மூடினார். பிறகு, "கேட்டுப் பாப்பம்" என்றார்.

மேரி அக்காவுக்குச் சொன்னேன்: அம்மா தாளிச்ச பேய் என்ன நிறம்?

"பிள்ளை, அவ ஒரு சிஸ்டர். பேயைப் பற்றிக் கேக்கச் சொல்லி நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அப்பிடியே சொல்லுங்கோ அக்கா. ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

மே 28, வியாழன்

மழை. இல்லத்தில் வயிற்றோட்டம், பாதிப் பேருக்கு. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது.

இடைவேளையில் மேரி அக்கா. கூடாரத்துக் குகநாதனைக் கேட்டாவாம். அந்த மனிசன் சிஸ்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேய் எண்டா வெள்ளைதானே, சிஸ்டர்" என்றாராம். "ஏன், உங்களுக்குச் சுகமில்லையோ?" என்றும் கேட்டாராம்.

அவன் இல்லை.

மற்றவரைப் பார்க்க விடவில்லையாம். வேறு இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று ஒருவர், இல்லை அங்கேதான் என்று இன்னொருவர்.

கறுத்தக் கோப்பி இரண்டு குடித்தேன். அந்தக் குகநாதனை நினைத்துக்கொண்டே வேலை செய்தேன். அவரையும் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள். வெள்ளை என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் மேல் ஏன் இவ்வளவு கோபம் வந்தது?

ஜூன் 1, திங்கள்

விடுமுறை. வெயில் கொளுத்துகிறது. எல்லோரும் ஏரிக்கரையில்.

தொ.பே. இல்லை. நேற்றும் இல்லை. மேரி அக்காவை எடுத்துக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று இருந்தேன். எடுத்தேன். அவ, "தகவல் வந்தா எடுக்கமாட்டனே?" என்றா. சரிதான்.

இன்றைக்குப் பேய்ப் பக்கத்தில் நானே எழுதினேன், பிழைபிழையான இங்கிலிஷில். எங்கள் அம்மா இதைக் கடுகும் மிளகாயும் போட்டுத் தாளித்தா என்று. ஒருவர் உடனே எழுதினார்: ருசி எப்படி இருந்தது? கேவலம் என்று எழுதினேன். ஒருதரம் தின்ன வேணும் போல இருக்கு என்றும் எழுதினேன். யாரென்றே தெரியாத மனிசன், "விளங்குகிறது" என்று எழுதினார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இவர் பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் குசினிக்குள் வந்து வெங்காயம் வெட்டித் தந்தார். கலியாணம் கட்டின நாளிலிருந்து முதல்தரம். தடிப்பாக வெட்டினார். அப்படியே தாச்சியில் போட்டேன்.

காயக்காரர் பக்கம். காயம் என்றால் எங்கே? கையா? கண்ணா? கண் என்றால் நிறம் எப்படி

விடு. உடுப்பு மடிக்க வேண்டும்.

ஜூன் 5, வெள்ளி

வெயில். அரசியலமைப்பு நாள். பஸ்களில் எல்லாம் சின்னக் கொடி. அரை நாள் வேலை.

இங்கருக்கு இன்றைக்கு அந்தக் கோப்பி செய்து கொடுத்தேன். உடம்புக்கு நல்லது விற்கிற கடையில் சிக்கரித் தூள் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தாள். "இதேதான். எடுத்துக்கொண்டு போ" என்றாள். கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது போன். கை முழுக்க சவர்க்காரம்.

மேரி அக்கா. "சுதா." பிறகு அழுகை. அழுகிறா என்றால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, சொல்லுங்கோ. எதெண்டாலும் சொல்லுங்கோ."

"சிரிக்கிறன் பிள்ளை, அழேல்லை. ரெண்டும்தான்." மூக்கைச் சீறினா. "சிஸ்டர் மற்றவரைக் கண்டுட்டா. காலிலைதான் காயம், தடி ஊண்டி நடக்கிறாராம். முதல் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தவராம். இவ கேள்வியைக் கேட்டிருக்கிறா. கனநேரம் ஒண்டுமில்லை. எழும்பிப் போவம் எண்டு நிண்டாவாம். அப்ப சுவரைப் பாத்தபடியே சொன்னாராம், கத்தரிப்பூ எண்டு."

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"பிறகு திரும்பிச் சிஸ்டரைப் பாத்து, 'நீலம் எண்டு ஒரு ஆள் சண்டைக்கு வருவா. நம்பிப்போடாதேங்கோ' எண்டாராம். சிஸ்டருக்கு ஒண்டும் விளங்கேல்லை. சரியோ பிள்ளை, அது சரியான விடையோ?"

"சரி அக்கா" என்றேன். "சரி. சரி. சரி." நிறுத்த முடியவில்லை.

லோன ஓடிவந்தாள். பயந்துபோனாள். தம்பி இருக்கிறான் என்றேன். இந்தமுறை வாழ்த்துகள் என்று அவள் சொல்லவில்லை, கையிலிருந்த துவாயால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். இங்கர் அறையிலிருந்து என்ன சத்தம் என்று கத்தினாள். போய்ச் சொன்னேன். "அப்ப போய்ப் படு" என்றாள்.

பஸ்ஸில் கொடிகள் படபடக்க வந்தேன். ஒன்றும் முடியவில்லை, எனக்குத் தெரியும். முகாமுக்குள் இருக்கிறான், எப்போது விடுவார்கள் தெரியாது, காலுக்கு என்ன தெரியாது, இங்கே கொண்டுவர முடியுமா தெரியாது. அதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு எனக்குப் பசித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நல்லாகப் பசித்தது.

இவருக்குச் சொன்னேன். வாசலிலேயே இருந்துவிட்டார், சப்பாத்து ஒன்று காலில், ஒன்று கையில். "கத்தரிப்பூவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு எழும்பிப் போய்த் திரைகளைத் திறந்தார்.

பேய்த் தட்டுகளை எடுத்தேன். சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். அபி இரண்டாந்தரம் போட்டுக்கொண்டாள், கெச்சப் இல்லாமல். சாப்பிட்டுக்கொண்டே முழுக்கதையும் சொன்னேன், அலாரம், தாச்சி, எல்லாம். அவள் சிரித்து இருமி, எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனவள் குளிர்பெட்டியடியில் நின்றுவிட்டாள். படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, தமிழிலேயே:

"அம்மா, இது நீலம்தானே?"

"இல்லை. கத்தரிப்பூ."

"அது என்ன நிறம்?"

"மாமாட்டைக் கேள்" என்றேன்.